கெட்டியான ஆயில்தான் ஸ்போர்ட்ஸ் காருக்கு நல்லதா? ஆயில் கிரேடு தேர்வில் நடக்கும் தவறுகள்

வேகமான கார், சூடாகிற என்ஜின், அப்படியானால் கெட்டியான ஆயில். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற பலரின் கணக்கு இதுதான். மேனுவலில் 5டபிள்யூ-30 என்று ஆயில் கிரேடு (கெட்டித்தன்மையின் வகுப்பு) போட்டிருந்தாலும் கை 10டபிள்யூ-60 டப்பாவைத்தான் தேடும். இந்தக் கணக்கு பாதிதான் சரி. எந்த கிரேடு வேண்டும் என்பது காரின் வேகத்தைப் பொறுத்தது இல்லை. ஓடும்போது ஆயில் எவ்வளவு சூடாகிறது, சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குகளில் எவ்வளவு இடைவெளி விட்டு என்ஜினைக் கட்டியிருக்கிறார்கள், இந்த இரண்டையும் பொறுத்தது.

முதல் எண்ணைப் பார்த்து ஆயிலை எடைபோடுவது இன்னொரு குழப்பம். 0டபிள்யூ-40 என்றதும் "இது தண்ணியா இருக்குமே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண், கடும் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் எப்படி நகரும் என்பதை மட்டுமே சொல்கிறது. சூடேறிய பிறகு ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது பின்னால் இருக்கும் எண். அதில் 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40 இரண்டும் ஒரே வகுப்பு: 100 டிகிரி செல்சியஸில் அவற்றின் பாகுத்தன்மை (கெட்டித்தன்மையின் அளவு) 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கும். நிசான் ஜிடி-ஆர் ஆர்35 தொழிற்சாலையிலிருந்து வந்ததே 0டபிள்யூ-40 ஆயிலுடன்தான். அதைச் சாதுவான கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: 40 டிகிரியில் இருக்கும் 0டபிள்யூ-20 ஆயில், 100 டிகிரியில் இருக்கும் 60 கிரேடு ஆயிலைவிடக் கெட்டி. குளிர்ந்த என்ஜினுக்குப் போதுமான அளவு இளகிய ஆயில் என்று எதுவுமே இல்லை.

அடுத்தது பிரஷர் மீட்டரை நம்பி ஏமாறுவது. கெட்டியான ஆயில் ஊற்றியதும் முள் மேலே ஏறும், மனசுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் மீட்டர் காட்டுவது ஆயில் ஓடுவதற்கு ஏற்படும் தடையை. தண்ணீர்க் குழாயின் நுனியை விரலால் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடும், வெளியே வரும் தண்ணீர் குறையும், அதே கதைதான். அழுத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால் ரிலீஃப் வால்வு திறந்து, பம்ப் தள்ளிய ஆயிலில் ஒரு பகுதியை பேரிங்குக்கு அனுப்பாமல் திருப்பிவிடும். பேரிங்கின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதும் அந்த ஓட்டம்தான். ஓட்டம் குறைந்தால் சூடு அங்கேயே தங்கும். போதாததற்கு, கெட்டியான ஆயில் அரைபடும்போது தானே கூடுதலாகச் சூடாகிறது. வால்வு டைமிங்கை மாற்றும் பாகங்களும் ஆயில் அழுத்தத்தால் இயங்குபவை. ஆயில் தேவைக்கு மேல் கெட்டியானால் அவையும் மந்தமாகும்.

சரி, மேனுவலில் உள்ள மெல்லிய ஆயிலே எல்லா இடத்துக்கும் போதுமா? ரேஸ் ட்ராக்கில் போதாமல் போகலாம். ஃபோர்டு மஸ்டாங் ஜிடியின் 5.0 லிட்டர் வி8 என்ஜினுக்கு 5டபிள்யூ-20 சொன்ன அதே நிறுவனம், அதே குடும்ப என்ஜின் கொண்ட பாஸ் 302-க்கு 5டபிள்யூ-50 சொன்னது. 5டபிள்யூ-30 ஊற்றும் கார்வெட்களில் சிலவற்றின் மேனுவலே ட்ராக்குக்கு 15டபிள்யூ-50 ஊற்றச் சொல்கிறது. ட்ராக்கில் ஆயில் 120 டிகிரியைத் தாண்டி நிற்பது சாதாரணம், அந்தச் சூட்டில் பேரிங்கில் இருக்கும் படலம் மெலியும். அதற்காகப் பக்கத்து காரைப் பார்த்து ஊற்றவும் கூடாது. பிஎம்டபிள்யூ எம்3-இன் எஸ்65 என்ஜின் 8,000 சுற்றுகளைத் தாண்டிச் சுழலும், அதற்கு 10டபிள்யூ-60 விதிக்கப்பட்டிருக்கிறது. அதே தலைமுறையின் சாதாரண 3 சீரீஸுக்கு அது தேவையில்லை.

பலர் பார்க்கவே பார்க்காத ஒரு எண் உண்டு. 150 டிகிரியில், வேகமாக அரைபடும் நிலையில் ஆயிலின் பாகுத்தன்மை என்ன என்பது அது; எச்டிஎச்எஸ் (HTHS) என்று எழுதியிருக்கும். பேரிங் உண்மையில் சந்திப்பது இந்த நிலையைத்தான். 30 கிரேடுக்கு இது குறைந்தது 2.9 மில்லிபாஸ்கல்-செகண்ட் இருக்க வேண்டும். அதே 5டபிள்யூ-30 டப்பாவில் ஏசிஇஏ சி3 என்ற ஐரோப்பியத் தரம் போட்டிருந்தால் குறைந்தது 3.5. டப்பாவின் முகப்பில் ஒரே எண், உள்ளே வேறு ஆயில். ஆகவே கிரேடை மாற்றுவதற்கு முன்னால் டேட்டா ஷீட்டில் இதைப் பாருங்கள்; பல நேரம் 60-க்குத் தாவ வேண்டியதே இருக்காது. போர்ஷே ஏ40 போன்ற தயாரிப்பாளர் ஒப்புதல் உங்கள் காருக்குக் கேட்கப்பட்டிருந்தால், அது கிரேடைவிட முக்கியம். நேரடியாக எரிபொருள் பீய்ச்சும் டர்போ என்ஜினுக்கு ஏபிஐ எஸ்பி என்ற அமெரிக்கத் தரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். குறைந்த சுற்றில் நேரும் முன்கூட்டிய எரிதலுக்கு எதிரான சோதனை அதில் அடக்கம். சுத்தப் போட்டி ஆயில்களைச் சாலையில் ஓடும் காருக்கு ஊற்ற வேண்டாம். அவற்றில் அழுக்கை அகற்றும் சேர்மானம் பெரும்பாலும் குறைவு, சீக்கிரம் மாற்றிவிடுவார்கள் என்ற கணக்கில் செய்யப்பட்டவை.

நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுவதற்கு எந்த கிரேடும் மருந்தல்ல. அது சம்ப் (என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அமைப்பும் ஆயில் அளவும் சம்பந்தப்பட்டது. அதற்குப் பயந்து அளவுக்கு மேல் ஊற்றினால் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும். கூலன்ட் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்ததும் என்ஜினை முறுக்குவதும் வேண்டாம். ஆயில் சூடேற அதைவிட நேரம் எடுக்கும்.

ட்ராக்குக்கு அடிக்கடி போகிறவர்கள், மாற்றும்போது கொஞ்சம் பழைய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். ஊற்றிய 40 கிரேடு 30-இன் அளவுக்கு இறங்கி, கூடவே பெட்ரோலும் கலந்திருந்தால், மாற்றும் இடைவெளியைக் குறையுங்கள். ஆயில் சூடு அதிகமாகி, பேரிங் தேய்வதைக் காட்டும் ஈயமும் செம்பும் ஆயிலில் ஏறியிருந்தால், ஆயில் கூலரையும் ஒரு படி மேலான கிரேடையும் அப்போது யோசிக்கலாம்.