ஆயாவின் மொய்ங்காவைப் பேரப்பிள்ளைகளுக்குக் கைமாற்றும் முறை

1962-இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின் கடைகள் அரசுடைமையாகி, 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாதவையாகிவிட, கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று வியாசர்பாடியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வளர்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பர்மா என்பது பீச் ஸ்டேஷன் எதிரில் கிடைக்கும் அத்தோ என்னும் நூடுல்ஸ் மட்டுமே. கடை அத்தோவின் மீது எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் அங்கே உண்ணலாமே தவிர, கைப்பக்குவத்தைக் கற்க இயலாது. ஆகவே வீட்டில் செய்யும் மொய்ங்கா என்னும் மீன்குழம்பு நூடுல்ஸிலிருந்து தொடங்குங்கள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை இதற்கென ஒதுக்குங்கள். பர்மாவில் மொய்ங்கா காலை உணவுதான். கெளுத்தி மீனை வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, இஞ்சி, பூண்டு, வெங்காயம், எலுமிச்சைப்புல் ஆகியவற்றுடன் வதக்கி, மீன் வெந்த நீரிலேயே வாழைத்தண்டைச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, வறுத்த அரிசிமாவையோ கடலைமாவையோ கரைத்து ஊற்றிக் குழம்பைக் கெட்டியாக்கி, அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றுவது பொதுவான முறை. அளவுகள் வீட்டுக்கு வீடு மாறும். ஆயாவிடம் அளவு கேட்டால் "கொஞ்சம்" என்றே சொல்வார் என்பதால், அவர் அள்ளிய பொருள் சட்டியில் விழுமுன் ஒரு கிண்ணத்தில் வாங்கி எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இதில் அவருக்குக் கோபம் வரும்; பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கிடைக்காத பொருளுக்கு மாற்றாக இங்கே எதைச் சேர்த்தார்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

பர்மியச் சொற்களை எழுதி வைப்பதோடு நிறுத்தாமல், ஆயாவின் குரலிலேயே கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள். பர்மிய மொழியில் தொனி மாறினால் பொருளும் மாறும். நம் எழுத்தில் தொனியைக் காட்ட வழியில்லை. அரிச்சுவடியில் மட்டுமே பார்த்த 'ங'வைச் சொல்லின் முதலில் வைத்து 'ஙப்பி' (புளிக்கவைத்த மீன் விழுது) என்று எழுதும் வாய்ப்பு கிடைப்பதில் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி.

"பர்மா எப்படி இருந்தது?" என்று கேட்டால் ஓரிரு சொற்களில் பேச்சு முடிந்துவிடும். பூண்டு உரிக்கும் நேரத்தில், கப்பலுக்கு எந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்தீர்கள், எதை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள், முகத்தில் பூசத் தனாக்கா மரப்பட்டையை அரைத்த கல் என்னவாயிற்று என்று கேளுங்கள். பழைய பயணச் சான்றுகளையும் தாயகம் திரும்பியோர் அட்டையையும் அன்றே படமெடுத்து, படத்திலிருப்பவர்களின் பெயர், முறை, ஊர் ஆகியவற்றைக் குறித்துவிடுங்கள்.

மூன்றாம் மாதம் சட்டியைப் பிள்ளைகளிடம் விடுங்கள். ஆயா கூடத்தில் அமர்ந்திருக்கட்டும். உப்புப் பார்க்கும் கிண்ணம் மட்டும் அவரிடம் போய் வரட்டும்.