பாய்மரப் படகுக்குள்ள ஏசி டக்ட் போடுறது எப்படி: முதல் தடவை செய்றவங்களுக்கு

படகுல ஏசி வைக்கலாம்னு நினைக்கிறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது எத்தனை பிடியூ (குளிர்விக்கிற திறனோட அளவு) மெஷின் வாங்கணும்னுதான். அது முக்கியம்தான், ஆனா நான் பார்த்த படகுகள்ல குளிர் பத்தலைன்னு சொன்னவங்க பாதிப் பேருக்கு மெஷின்ல ஒரு குறையும் இல்ல, குளிர்ந்த காத்து கேபினுக்கு வர்ற வழியில எங்கயோ நசுங்கி, எங்கயோ ஒழுகி, லாக்கருக்குள்ளயே நின்னு போயிருந்துச்சு. அதனால இந்தப் பதிவு முழுக்க டக்ட், அதாவது அந்தக் காத்து வர்ற குழாய் பத்திதான். மெஷினோட சூட்டை வெளியேத்துற கடல் தண்ணி பம்ப், ஹோஸ் விஷயத்தை நடுவுல சுருக்கமா தொட்டுட்டுப் போறேன்.

மெஷின் அளவுக்குப் பொதுவா சொல்ற கணக்கு இது: நீர்மட்டத்துக்குக் கீழ இருக்கிற, ஜன்னல் சின்னதா இருக்கிற கேபினுக்கு சதுர அடிக்கு 60 பிடியூ, நடு டெக் மட்டத்துல இருக்கிறதுக்கு 90, மேல வெயில்ல நிறைய கண்ணாடியோட இருக்கிறதுக்கு 120. பத்துக்குப் பதினாலு அடி சலூன், அதாவது படகோட ஹால்னா 140 சதுர அடி, 90ஆல பெருக்கினா 12,600. அப்ப 12,000 பிடியூ மெஷின் கிட்டத்தட்ட சரியா இருக்கும். கீழ சொல்ற உதாரணம் எல்லாம் அந்த 12,000 மெஷினை வச்சுத்தான்.

வேலை தொடங்குறதுக்கு முன்னாடி

கரையில இருந்து கரன்ட் வர்ற ஷோர் பவர் கேபிளைக் கழட்டிடுங்க, ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க. நீங்க ஓட்டை போடப்போற மரப்பலகைக்குப் பின்னாடி எந்த வயர் ஓடுது, எந்த குழாய் ஓடுதுன்னு பாக்காம டிரில்லைக் கையில எடுக்காதீங்க.

தேவைப்படுறது: இன்சுலேஷன் போட்ட ஃப்ளெக்சிபிள் டக்ட், மெஷின் வாய்க்கும் கிரில்லுக்கும் பொருந்துற ரிங், பிரியுற இடத்துக்கு ஒய் பீஸ் இல்ல டிரான்சிஷன் பாக்ஸ், ஃபாயில் டேப், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சின்ன ஸ்க்ரூ, அகலமான பட்டை, வட்டமா ஓட்டை வெட்டுற ஹோல் சா, ஜிக் சா, எப்பாக்ஸி பசை கொஞ்சம், அட்டைப்பெட்டி நிறைய. அட்டை எதுக்குன்னு கீழ வரும்.

முதல்ல ரிட்டர்ன் (மெஷினுக்குள்ள காத்து போற வழி), அப்புறம்தான் சப்ளை (குளிர் காத்து வெளிய வர்ற வழி)

புதுசா செய்றவங்க எல்லாரும் குளிர் காத்து எங்க வரணும்னு மட்டும் யோசிப்பாங்க. மெஷின் வெளிய தள்ளுற அளவு காத்தை அது உள்ள இழுத்தாகணும், இழுக்க வழி இல்லைன்னா தள்ளவும் முடியாது. மெஷின் பெரும்பாலும் சீட்டுக்கு அடியிலயோ படுக்கைக்கு அடியிலயோ உக்காரும், அதனால ரிட்டர்ன் கிரில் அந்த சீட்டோட முன்பலகையில கீழ வரும். எவ்வளவு பெரிசுன்னு உங்க மெஷினோட மேனுவல்ல போட்டிருக்கும், அதுல ஒரு இன்ச் கூட குறைக்காதீங்க. கிரில்லோட வெளி அளவைப் பாத்து ஏமாறவும் கூடாது, கம்பி, பட்டையெல்லாம் போக நடுவுல திறந்திருக்கிற பரப்புதான் கணக்கு. கிரில்லுக்கும் மெஷினுக்குள்ள காத்தைக் குளிர்விக்கிற காயிலுக்கும் நடுவுல கை நுழையுற அளவு இடம் விடுங்க, ஃபில்டர் கழட்டிக் கழுவுற மாதிரி இருக்கணும், ஏன்னா படுக்கைத் துணியோட நூலும் தூசியும் அங்கதான் போய்ச் சேரும்.

இதுல ஒரு விஷயத்துல மட்டும் யாரும் சமாதானம் சொல்லிக்கவே கூடாது. ரிட்டர்ன் காத்து கேபின்ல இருந்து மட்டும்தான் வரணும். பில்ஜ்ல (படகோட அடியில அழுக்குத் தண்ணி தேங்குற இடம்) இருந்தோ இன்ஜின் ரூம்ல இருந்தோ ஒரு ஓட்டை வழியாக் கூட இழுக்கக் கூடாது. இன்ஜின் புகைல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்ல, நிறம் இல்ல, தூங்குறவங்க அப்படியே எழுந்திருக்காமப் போயிடுவாங்க. மெஷின் உக்காந்திருக்கிற பெட்டிக்குள்ள இன்ஜின் பக்கமா வயர் போக ஓட்டை இருந்தா அதையெல்லாம் அடைச்சுடுங்க. கேபின்ல மோனாக்சைடு அலாரம் இல்லைன்னா ஏசி வேலையை நிறுத்திட்டு முதல்ல அதை வாங்கி மாட்டுங்க.

சப்ளை கிரில் எங்க

எவ்வளவு உயரத்துல வைக்க முடியுமோ அவ்வளவு உயரத்துல. குளிர்ந்த காத்து கனமானது, மேல விட்டா தானா கீழ இறங்கி கேபின் முழுக்கக் கலந்துடும், கீழ விட்டா கால் மட்டும் ஜில்லுன்னு இருக்கும், தலை வேர்க்கும். அதோட சப்ளைல வர்ற காத்து நேரா ரிட்டர்ன் கிரில்லைப் பாத்து வீசுற மாதிரி வைக்காதீங்க. அப்படி வச்சா குளிர் காத்தையே மெஷின் திரும்பவும் இழுத்து, ரூம் குளிர்ந்துடுச்சுன்னு நினைச்சு நின்னுடும், கேபின் சூடாவே இருக்கும். கிரில்லுக்குப் பின்னாடி டக்ட் மடங்கித் திரும்ப ஆழம் இருக்கான்னும் பாருங்க, பாய்மரப் படகுல பலகைக்கும் ஹல்லுக்கும் (படகோட வெளி உடம்பு) நடுவுல பல இடத்துல நாலு விரல் கூட இருக்காது.

டக்ட் அளவு: இந்தக் கணக்கைத் தவற விடாதீங்க

வட்டத்தோட பரப்பு விட்டத்தோட வர்க்கத்துல ஏறும், அதனால ஒரு இன்ச் குறைச்சா கொஞ்சம்தானே குறையும்னு கண் சொல்றதை நம்பக் கூடாது. 6 இன்ச் டக்ட்டுக்கு 28 சதுர இன்ச் பரப்பு, 5 இன்ச்சுக்கு 19.6, 4 இன்ச்சுக்கு 12.6, 3 இன்ச்சுக்கு 7 தான். 12,000 மெஷினுக்கு வழக்கமா 6 இன்ச் டக்ட் போடுவாங்க.

இப்ப அந்த 6 இன்ச்சை ரெண்டு கேபினுக்குப் பிரிக்கணும்னு வைங்க. எல்லாரும் ரெண்டு 4 இன்ச் போட்டுடுவாங்க, பாக்க சரியாத்தான் தெரியும், ஆனா கூட்டிப் பாத்தா 25 தான் வருது, 28க்குக் கம்மி. அதுக்குப் பதிலா சலூனுக்கு 5 இன்ச்சும் முன் கேபினுக்கு 4 இன்ச்சும் போட்டா 32 வரும். விதி இதுதான்: பிரிஞ்ச கிளைகளோட மொத்தப் பரப்பு மெயின் டக்ட்டோட பரப்புக்குச் சமமா இல்ல அதிகமா இருக்கணும். குறைஞ்சா காத்து நெரிசல்ல கிரில்ல விசில் அடிக்கும், அதோட காயில் மேல போதுமான காத்து ஓடாததால அதுல ஐஸ் கட்ட ஆரம்பிக்கும், ஐஸ் கட்டினா இன்னும் காத்து குறையும்.

அட்டை வட்டம்

இன்சுலேஷனோட சேத்தா டக்ட்டோட வெளி விட்டம் சுமார் 2 இன்ச் கூடும், 4 இன்ச் டக்ட் உண்மைல 6 இன்ச் இடத்தை அடைக்கும், 6 இன்ச் டக்ட்டுக்கு 8 இன்ச் வேணும். லாக்கரைத் திறந்து கண்ணால பாத்துட்டு போயிடும்னு சொல்லாதீங்க. வெளி விட்டம் அளவுக்கு அட்டையில வட்டம் வெட்டி ஒரு குச்சி நுனியில மாட்டி, டக்ட் போகப்போற வழி முழுக்க அதைத் தள்ளிப் பாருங்க. எங்க முட்டுதோ அங்க குறிச்சு வைங்க. என் படகுல பேப்பர்ல போட்ட வழி ரெண்டாவது லாக்கர்லயே ஹல் வளைவுல முட்டிடுச்சு, ஓட்டை எதுவும் போடாததால வேற வழி தேட முடிஞ்சுது, கடைசில சீட்டு முதுகுக்குப் பின்னாடி ஏறி மேல் லாக்கருக்குள்ள போற வழி கிடைச்சுது, அதுக்கு ரெண்டு நாள் அட்டையோடதான் திரிஞ்சேன்.

வழி தேடும்போது வளைவு எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது. சட்டுனு ஒரு தொண்ணூறு டிகிரி மடிக்கிறதுக்குப் பதிலா பெரிசா வளைச்சு கொண்டு போங்க. நிறைய மெஷின்ல காத்தைத் தள்ளுற ப்ளோயரை ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி வேற பக்கம் திருப்பிக்கலாம், டக்ட் எந்தப் பக்கம் கிளம்பணுமோ அந்தப் பக்கம் திருப்பினா ஒரு வளைவு மிச்சம். வட்டம் போகாத இடத்துல ப்ளைவுட்ல தட்டையா ஒரு பெட்டி செஞ்சு உள்பக்க மூலையெல்லாம் எப்பாக்ஸியால அடைச்சு, வெளிய க்ளோஸ்டு செல் ஃபோம் ஒட்டிக்கலாம், ஆனா தட்டை வழியில உரசல் அதிகம்ங்கிறதால கணக்குல வர்ற பரப்பை விட கொஞ்சம் தாராளமா வைங்க.

பல்க்ஹெட்ல ஓட்டை

எனக்குக் கை நடுங்குற இடம் இதுதான், உங்களுக்கும் நடுங்கணும். பல்க்ஹெட்ங்கிறது படகுக்குள்ள குறுக்கா நிக்கிற சுவர், அதுல சிலது வெறும் தடுப்பு இல்ல, ரிக்கோட (மாஸ்ட்டும் அதைப் பிடிக்கிற கம்பிகளும்) இழுவையைத் தாங்குறது. செயின்பிளேட் (அந்தக் கம்பிகளைப் படகோட பிணைக்கிற தகடு) பக்கத்துலயும், மாஸ்ட்டோட (பாய்மரம்) பாரம் இறங்குற இடத்துலயும், பல்க்ஹெட் ஹல்லோட ஃபைபர்கிளாஸ் போட்டு ஒட்டியிருக்கிற ஓரத்துலயும் தொடாதீங்க. படகு மோதினா தண்ணி உள்ள பரவாம தடுக்க முன்னாடி இருக்கிற வாட்டர்டைட் பல்க்ஹெட்ல எந்தக் காரணத்துக்கும் ஓட்டை கிடையாது. சந்தேகமா இருந்தா படகு கட்டினவங்ககிட்டயோ படகைச் சோதிக்கிற ஒரு சர்வேயர்கிட்டயோ கேட்டுட்டுத்தான் வெட்டணும். கேஸ் சிலிண்டர் லாக்கர் வழியாவும் இன்ஜின் ரூம் வழியாவும் டக்ட் கொண்டு போகாதீங்க.

முதல்ல சின்ன டிரில் பிட்ல ஒரு பைலட் ஓட்டை போட்டு ரெண்டு பக்கமும் பாருங்க, சரியா இருந்தா மட்டும் ஹோல் சா. வெட்டின ப்ளைவுட் ஓரத்துல எப்பாக்ஸி பூசுங்க, இல்லைன்னா ஈரம் உள்ள போய் சில வருஷத்துல உளுத்துடும். அது காஞ்சப்புறம் ஓரத்தைச் சுத்தி ரப்பர் பட்டை மாட்டுங்க, கடல்ல படகு அசையும்போது கூரான ஓரம் டக்ட்டோட தோலை அறுத்துடும்.

டக்ட்டை மாட்டுறது

இந்த டக்ட்டுக்கு மூணு அடுக்கு: உள்ள கம்பிச்சுருள் வச்ச மெல்லிய மைலார் (பிளாஸ்டிக் படலம்) குழாய், அதைச் சுத்தி ஃபைபர்கிளாஸ் பஞ்சு, வெளிய ஈரம் புகாத உறை. மாட்டும்போது வரிசையா இப்படி செய்யுங்க.

1. நுனியில வெளி உறையையும் பஞ்சையும் பின்னாடி உருட்டி உள் குழாயை வெளிய எடுங்க.
2. அதை ரிங் மேல அடி வரைக்கும் தள்ளுங்க.
3. மூணு இல்ல நாலு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவைச் சுத்தி அடிங்க, ஒவ்வொரு ஸ்க்ரூவும் உள்ள இருக்கிற கம்பியைப் பிடிச்சிருக்கணும். பிளாஸ்டிக்கை மட்டும் பிடிச்சா கிழிஞ்சு வந்துடும். ப்ளோயர் சுத்துற இடத்துக்கு நீளமான ஸ்க்ரூ போயிடக் கூடாது.
4. மூட்டைச் சுத்தி டேப், காத்து ஒழுகாத மாதிரி.
5. பஞ்சையும் உறையையும் திரும்ப ரிங் வரைக்கும் இழுத்து அதுக்கும் ஒரு சுத்து டேப்.

ஹோஸுக்குப் போடுற கிளாம்ப்பை இங்க போடாதீங்க, வழுக்கிடும். நான் முதல் தடவை கிளாம்ப் போட்டுத்தான் மாட்டினேன், பாக்க ரொம்ப உறுதியா இருந்துச்சு, ஒரு வாரம் கடல்ல போயிட்டு வந்து ஏசி போட்டா முன் கேபின்ல காத்தே இல்ல. படகோட பாய்த்துணி வச்சிருந்த லாக்கரைத் திறந்தா உள்ள பனிக்காலம் மாதிரி குளிரு, டக்ட் கழண்டு கிடக்கு, பாய் மூட்டை எல்லாம் நனைஞ்சு ஊறிப்போயிருக்கு. அந்தப் பாயை உலர்த்தி எடுக்கிறதுக்குள்ள போதும்னு ஆயிடுச்சு.

அடுத்து, டக்ட்டை நல்லா இழுத்து நீட்டி மாட்டுங்க. அக்கார்டியன் மாதிரி சுருங்கியிருந்தா உள்பக்கம் முழுக்க மேடு பள்ளம், காத்து ஒவ்வொரு மடிப்புலயும் உரசி வேகத்தை இழக்கும். மிச்சம் இருக்கிறதை லாக்கருக்குள்ள சுருட்டி வைக்க ஆசையா இருக்கும், வெட்டிடுங்க. ரெண்டு மூணு அடிக்கு ஒரு அகலப் பட்டை போட்டுத் தாங்குங்க, இறுக்கி நசுக்காம. லாக்கர்ல சாமான் வைப்பீங்கன்னா டக்ட்டுக்கு முன்னாடி ஒரு மெல்லிய பலகைத் தடுப்பு அவசியம், படகு சாயும்போது ஒரு டின் பெட்டி வந்து அழுத்தினா 4 இன்ச் டக்ட் 2 இன்ச் ஆயிடும்.

வெளி உறை எங்கயாவது கிழிஞ்சிருந்தா சின்னதுதானேன்னு விடாதீங்க. ஈரக்காத்து அந்தக் கிழிசல் வழியா உள்ள போய் குளிர்ந்த குழாய் மேல தண்ணியா மாறும், பஞ்சு நனையும், நனைஞ்ச பஞ்சு இன்சுலேஷனே கிடையாது, அப்புறம் பூஞ்சை. ஏசியோட பாதி வேலை ஈரத்தோடதான், நவீன ஏசியைக் கண்டுபிடிச்ச வில்லிஸ் கேரியர் 1902ல முதல்ல வடிவமைச்சதே நியூயார்க்கோட புரூக்ளின்ல ஒரு அச்சகத்துல காத்தோட ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான். படகைச் சுத்தி தண்ணியாவே இருக்கிறப்ப இது நமக்கு இன்னும் பொருந்தும்.

தண்ணி வடிகால், கடல் தண்ணி

காயில்ல சேர்ற தண்ணி மெஷினுக்கு அடியில இருக்கிற தட்டுல விழும், அங்க இருந்து ஹோஸ் தொடர்ந்து கீழ்நோக்கியே இறங்கணும், நடுவுல மேடு வரக் கூடாது. அதை அப்படியே பில்ஜ்ல விட்டுடாம ஷவர் தண்ணி சேர்ற மூடின சம்ப் மாதிரி ஒண்ணுல விடுங்க. இன்ஜின் ரூம்லயோ, இன்ஜின் இல்ல ஜெனரேட்டர் புகை வெளியேறுற இடத்துக்கு 3 அடிக்குள்ளயோ அந்த ஹோஸ் முடியக் கூடாது, புகை அது வழியா ஏறி கேபினுக்கு வரும்.

கடல் தண்ணி பம்ப் பெரும்பாலும் தானா உறிஞ்சுற வகை இல்ல, அதனால நீர்மட்டத்துக்குக் கீழ வைங்க, குப்பையை வடிகட்டுற ஸ்ட்ரெய்னர் அதுக்கு முன்னாடி, அங்க இருந்து மெஷின் வரைக்கும் ஹோஸ் ஏறிக்கிட்டே போகணும். நடுவுல இறங்கி ஏறினா காத்து மாட்டிக்கும்.

ஓட்டிப் பாக்குறது

எல்லா லாக்கரையும் திறந்து வச்சுட்டு முதல்ல ஃபேன் மட்டும் போடுங்க. ஒரு மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டை ஒவ்வொரு மூட்டு பக்கத்துலயும் காட்டுங்க, ஆடினா அங்க ஒழுகுது, டேப் எடுங்க. அப்புறம் கூலிங் போட்டு கால் மணி நேரம், இருபது நிமிஷம் விட்டு ரிட்டர்ன் கிரில்லுலயும் சப்ளை கிரில்லுலயும் தெர்மாமீட்டர் வைங்க. வித்தியாசம் சுமாரா 8ல இருந்து 11 டிகிரி செல்சியஸ் வந்தா நல்லது. ரொம்ப அதிகமா வந்து காத்தும் மெதுவா வந்தா எங்கயோ அடைப்பு, நசுங்கல், இல்ல ரிட்டர்ன் பத்தல. மெஷின் வாய்ல வித்தியாசம் சரியா இருந்து கடைசி கிரில்ல மட்டும் குறைஞ்சா வழியில குளிர் போகுது, உறையைத் தடவிப் பாத்துக்கிட்டே வாங்க, ஜில்லுன்னு வேர்த்திருக்கிற இடம்தான்.

மெஷினுக்குப் பக்கத்துல இருக்கிற கிரில் எப்பவும் காத்தை அதிகமா எடுத்துக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமா மூடி, முன் கேபின்ல வீச்சு ஏறுற வரைக்கும் பொறுமையா சரி பண்ணுங்க, மொத்தமா மூடிடாதீங்க.

முதல் தடவை நல்லா சாஞ்சு பாய் விரிச்சுப் போயிட்டு வந்ததும் எல்லா லாக்கரையும் திரும்பத் திறந்து அதே டிஷ்யூ பேப்பரோட ஒரு சுத்து வாங்க, பல்க்ஹெட் தாண்டுற இடத்தையும் மூட்டு ஸ்க்ரூவையும் கையால தொட்டுப் பாருங்க.