மலை டேம் ஓரத்துல டென்ட் போடப் போறீங்களா, மொதல்ல தண்ணி மட்டத்தப் பாருங்க

டேம் ஓரமா ரெண்டு நாள் தங்கலாம்னு பிளான் பண்ற நெறைய பேரு எந்த டென்ட் வாங்கலாம்னுதான் ஆரம்பிக்கிறாங்க. அதுக்கு முன்னாடி அந்த டேம்ல இப்ப தண்ணி எவ்ளோ இருக்கு, ஏறிட்டு இருக்கா எறங்கிட்டு இருக்கான்னு விசாரிங்க. பாக்க ஏரி மாதிரி இருந்தாலும் இது ஏரி இல்லங்க, கரண்ட் எடுக்கவோ பாசனத்துக்கோ திறந்துவிட்டா எறங்கும், மலைல பேஞ்சா ஏறும், மேல இன்னொரு டேம் இருந்து அங்க திறந்துட்டாங்கன்னா உங்க தலைக்கு மேல நட்சத்திரம் தெரியும்போதே ராத்திரியோட ராத்திரியா மட்டம் ஏறிடும்.

ஒரு தடவ சாயங்காலம் தண்ணி தொடுற எடத்துல ஒரு குச்சிய நட்டு வச்சேன். காலைல பாத்தா நுனி மட்டும் விரல் அளவுக்கு வெளிய தெரியுது, மழை ஒரு சொட்டு கூட இல்ல. டென்ட் மேட்டுல இருந்ததால எதுவும் ஆகல. அதுலேர்ந்து எங்க போனாலும் போய் எறங்கினதும் மொத வேலை குச்சி நடுறதுதான், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா போய் பாத்துருவேன்.

எடம் எப்படி பாக்குறதுன்னா, டேம சுத்தி செடி கொடி எதுவும் இல்லாம வெறும் மண்ணும் கல்லுமா ஒரு பட்டை போகும், அது முடிஞ்சு மரம் ஆரம்பிக்கிற கோடுதான் டேம் நிறைஞ்சா தண்ணி வந்து நிக்கிற அளவு. டென்ட் அந்த கோட்டுக்கு மேல, தண்ணிலேர்ந்து ஒரு 60 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். கீழ பட்டைல தரை சமமா, வியூ சூப்பரா இருக்கும், மனசு அங்கதான் போகும், வேணாம். அந்த வண்டல் மேல காஞ்சு ஓடு ஓடா வெடிச்சிருக்கும், நம்பி கால வச்சா அடில கொழகொழன்னு முழங்கால் வரைக்கும் உள்ள வாங்கிரும். மாட்டிக்கிட்டா வெடுக்குன்னு இழுக்காதீங்க, பின்னால சாஞ்சு உக்காந்து கால மெதுவா ஆட்டி ஆட்டி எடுங்க. குழந்தைங்கள கூட்டிட்டுப் போனா அந்த பக்கம் தனியா விடவே விடாதீங்க. டேமுக்கு கீழ இருக்குற ஆத்து மணல்லயும் படுக்கக் கூடாது, சைரன் கேட்டா சாமானெல்லாம் விட்டுட்டு உடனே மேட்டுக்கு ஏறிடணும்.

பர்மிஷன் விஷயம், டேம் ஒருத்தர் கைலயும் சுத்தி இருக்குற காடு வேற ஒருத்தர் கைலயும் இருக்கலாம், ரெண்டு பக்கமும் கேட்டுக்கோங்க. அப்படியே அந்த வாரம் தண்ணி திறப்பு ஏதாவது இருக்கான்னும் கேளுங்க.

அடுத்தது குளிர். 1000 மீட்டர் ஏறினா சுமாரா 6.5 டிகிரி குறையும், அதனால கீழ இருக்குற ஊரோட வெதர் ரிப்போர்ட்ட வச்சு டிரெஸ் எடுத்து வைக்காதீங்க. ராத்திரி குளிர்ந்த காத்து சரிவுல எறங்கி பள்ளத்துல தேங்கும், தண்ணி ஓரம்தான் அந்தப் பள்ளம், கொஞ்சம் மேல போட்டாலே வித்தியாசம் தெரியும். ஸ்லீப்பிங் பேக்ல ரெண்டு டெம்பரேச்சர் போட்டிருந்தா கம்ஃபர்ட்னு இருக்குறத பாருங்க, லிமிட்ட நம்பாதீங்க. அதவிட முக்கியம் அடில போடுற மேட், உடம்பு சூட்ட தரை உறிஞ்சிடும். எவ்ளோ குளிர்னாலும் டென்ட முழுசா அடைச்சுக்காதீங்க, நம்ம மூச்சே உள்பக்கம் துளித்துளியா கோத்து காலைல எல்லாம் நனைஞ்சு கெடக்கும். உள்ள ஸ்டவ் பத்த வைக்கிறதோ கரி அடுப்பு வைக்கிறதோ கூடவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.

குடிக்கிற தண்ணிய தளதளன்னு கொதிச்ச அப்புறம் 1 நிமிஷம், 2000 மீட்டருக்கு மேல போயிட்டா 3 நிமிஷம் விடுங்க, ஏன்னா அங்க தண்ணி கம்மி சூட்டுலயே கொதிச்சிடும். ஆனா தண்ணி மேல பச்ச பெயின்ட் கொட்டின மாதிரி ஆடை படிஞ்சிருந்தா அது விஷப் பாசியா இருக்கலாம், எவ்ளோ கொதிக்க வச்சாலும் அந்த விஷம் போகாது, அதுல குளிக்கவும் வேணாம். அதுக்குத்தான் ஒரு நாளுக்குத் தேவையான தண்ணிய கைலயே கொண்டு போகச் சொல்றேன்.

நீந்துறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, மேல ஒரு அடி வெதுவெதுன்னு இருக்கும், கீழ போனா ஐஸ், அந்த அதிர்ச்சில மூச்சு தன்னால உள்ள இழுக்கும், தண்ணியக் குடிச்சிருவோம். முங்கிப் போன மரக்கட்டைங்களும் அடில இருக்கும், குதிக்காதீங்க. ஷட்டர், தண்ணி உள்ள எடுக்குற டவர் பக்கம் தலை வச்சும் படுக்காதீங்க.

டாய்லெட்டுக்கும் அதே 60 மீட்டர் கணக்குதான், 15லேர்ந்து 20 சென்டிமீட்டர் குழி தோண்டி மூடிடுங்க.

மலை மறைக்கிறதால வெளிச்சம் சீக்கிரமே போயிடும், மதியம் 3 மணிக்குள்ள போய் சேர்ற மாதிரி கிளம்புங்க, மட்டம் பாக்க, எடம் பாக்க வெளிச்சம் வேணும். சிக்னல் கடைசியா கிடைக்கிற எடத்துல நிறுத்தி, எந்தக் கரைல தங்குறோம், எப்ப திரும்புவோம்னு வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டு மேல ஏறுங்க.