செம்மறி வாங்கும் முன் இனம் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்: செட்டிநாட்டுப் பண்ணைக்கு

புதிதாகச் செம்மறிப் பண்ணை வைக்க நினைப்பவர்கள் முதல்முறை சந்தைக்குப் பணம் கொண்டு போகவே வேண்டாம். சும்மா போய் ஆடுகளைப் பாருங்கள். கண் பழகட்டும், அப்புறம் வாங்கலாம்.

1. நிறம், காது, கொம்பு

நம்ம ஊர் ஆடு ராமநாதபுரம் வெள்ளை. சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்கள்தான் இதற்குப் பூர்வீகம். உடம்பு வெள்ளை, சிலதில் பழுப்போ கருப்போ அங்கங்கே இருக்கும். கிடாய்க்கு முறுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது.

இதையும் வேம்பூர் ஆட்டையும்தான் புதியவர்கள் குழப்பிக்கொள்வார்கள். வேம்பூர் ஆட்டுக்கும் வெள்ளை உடம்புதான், ஆனால் செம்பழுப்புத் திட்டுகள் உடம்பெங்கும் சிதறிக் கிடக்கும். ஆளும் உயரம், காது தொங்கும். பொட்டு ஆடு என்றும் சொல்வார்கள். தூத்துக்குடிப் பக்கத்து இனம்.

கீழக்கரிசல் செம்பழுப்பு நிறம்; வயிற்றைக் குனிந்து பாருங்கள், கருப்பாக இருக்கும். மேச்சேரி சேலம், ஈரோடு பக்கத்தது. வெளிர்பழுப்பு, கிடாய்க்கும் கொம்பு இருக்காது. தோலுக்குப் பேர்போன ஆடு.

இந்த நான்குமே கறிக்கு வளர்ப்பவை. கம்பளி கத்தரிக்கும் வேலை இல்லை.

என்னைக் கேட்டால் ராமநாதபுரம் வெள்ளையில் தொடங்குங்கள். நம் செம்மண் பொட்டலிலும், கோடையில் காய்ந்த கண்மாயிலும் மேய்ந்து பழகிய ஆடு அது. கிடாய் சுமார் 30 கிலோதான் வரும். எடையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

2. பல் பாருங்கள்

ஆட்டைக் கால்களுக்கு நடுவே அணைத்துக்கொண்டு, கட்டைவிரலால் கீழுதட்டை மெல்ல இறக்குங்கள். முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான்; மேலே வெறும் ஈறு. எட்டு முன்பல்லும் அரிசி மாதிரிச் சின்னதாக இருந்தால் பால்பல், குட்டி. நடுவில் இரண்டு மட்டும் அகலமாக முளைத்திருந்தால் 1 முதல் 1½ வயது. நான்கு என்றால் ஏறக்குறைய 2 வயது. பெட்டைகளை இந்த ரெண்டு பல், நாலு பல் பருவத்திலேயே வாங்குங்கள். எட்டுப் பல்லும் தேய்ந்து இடைவெளி விழுந்த ஆடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

3. கிடாய்

25 பெட்டைக்கு ஒரு கிடாய் போதும். பெட்டையின் இனத்திலேயே, வேறு மந்தையிலிருந்து வாங்குங்கள். சினைக்காலம் 5 மாதம்.

4. தனியே கட்டுங்கள்

முதல் வருடம் சந்தையில் பிடித்த 6 ஆடுகளை அன்றைக்கே பட்டியில் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஒன்றுக்கு மூக்கு ஒழுகியது. ஒரு வாரத்தில் மந்தையே இருமியது. 4 குட்டிகள் போய்விட்டன. இன்னும் மனசு ஆறவில்லை. புது ஆட்டை 3 வாரமாவது தனியாக வையுங்கள். அந்த நாட்களிலேயே கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு மருந்து கொடுத்து, ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி நோய்களுக்கான தடுப்பூசிகளுக்கும் நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. மழைக்காலம்

ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க் கரையோர ஈரப்புல்லில் விடாதீர்கள். அங்குள்ள நத்தைகள் வழியாகத் தட்டைப்புழு தொற்றும். பனி காயும்வரை பட்டியிலேயே இருக்கட்டும். வெயில் ஏறியதும் மேட்டுநிலத்துக்கு ஓட்டுங்கள்.