வன்னிக் கரையில் நாலறை விடுதி: பிளாக்லரிடம் எதை எடுப்பது, எதை விடுவது

ஹென்றி பிளாக்லர் (1830–1913) ஸ்டாண்டர்ட் ஒயில் என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தில் ரொக்கஃபெல்லரின் பங்காளியாக இருந்து பெரும் பணம் சேர்த்தவர். ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையை அவர் சுற்றுலாக் கரையாக மாற்றிய கதையில் எல்லாரும் அந்த மாளிகை விடுதிகளைத்தான் பார்ப்பார்கள். இலங்கையின் வடக்கே, வன்னிக் கரையில் நாலு அறை போட நினைப்பவர் பார்க்க வேண்டியது, அவர் எதற்குப் பிறகு எதைச் செய்தார் என்பதை.

சென் ஒகஸ்டீனில் 540 அறைகள் கொண்ட பொன்ஸ் டி லியோன் விடுதி 1888 ஜனவரியில் திறந்தது. அந்த ஊருக்குப் போகும் ரயில் நிறுவனத்தை அவர் 1885 முடிவதற்குள்ளேயே வாங்கிவிட்டார். 1890 இல் ஜக்சன்வில்லில் சென் ஜோன்ஸ் ஆற்றுக்குப் பாலம் போட்டார். பிறகு தண்டவாளம் தெற்கே போகப் போக விடுதியும் கூடவே போனது: 1894 இல் பாம் பீச், 1896 இல் மயாமி. முதலில் வழி, பிறகு கட்டில், அதற்குப் பிறகு ஊர். நம்மிடத்தில் இது தலைகீழ். மணலில் முதலில் கபானா என்னும் கடற்கரைக் குடில் எழும்பும். ஆள் எப்படி வந்து சேரும் என்ற யோசனை கிடுகு வேய்ந்த பிறகுதான் வரும்.

நிலையத்திலிருந்து அளக்கத் தொடங்குங்கள்

பாம் பீச்சில் ரோயல் பொயின்சியானா விடுதிக்கு வந்த ரயில், ஏரிக்கு மேலே பாலத்தால் போய் விடுதி வளவிலேயே நின்றது. நமக்கு அந்த வசதி கிடைக்காது. ஆனால் அந்தக் கடைசித் துண்டு வழிதான் விருந்தினர் திரும்ப வருவதையும் வராமல் விடுவதையும் முடிவு செய்யும்.

மன்னார்ப் பக்கம் இதில் அதிர்ஷ்டக்காரப் பக்கம். 1914 இல் திறந்த தலைமன்னார்ப் பாதை போரில் அழிந்து, 2015 மார்ச்சில் துறை வரை மீண்டும் ஓடத் தொடங்கியது. மன்னார், பேசாலை, தலைமன்னார் நிலையங்களிலிருந்து கடல் கிட்ட. முல்லைத்தீவுக்கு ரயில் இல்லை. மாங்குளத்தில் இறங்கினால் ஒட்டுசுட்டான் வழியாக ஏறக்குறைய 50 கிலோமீற்றர். பஸ் உண்டு, பெட்டியும் பிள்ளைகளுமாக வரும் குடும்பம் அதில் ஒருமுறை ஏறும், மறுமுறை ஏறாது.

ஆகவே காணி பார்க்க முதல் ஒரு வான்காரரைப் பாருங்கள். போக, வர ஒரே தொகையாகப் பேசி, அதை அறை வாடகையோடு சேர்த்து ஒரே விலையாகச் சொல்லுங்கள். ரயில் பிந்தினால் காத்திருப்புக் காசு யாருடையது என்பதையும் அப்போதே பேசி முடியுங்கள். பிந்திய ரயிலின் சண்டை வழக்கமாக இரவு பத்து மணிக்கு, பசித்த விருந்தினருக்கு முன்னாலேதான் நடக்கும். பிந்தி வருபவருக்கு இடியப்பமும் சொதியும் எடுத்து வைப்பதும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

மாதங்களை எண்ணுங்கள்

ரோயல் பொயின்சியானா திறந்திருந்தது டிசம்பர் நடுவிலிருந்து பெப்ரவரி 22 ஐ ஒட்டிய நாட்கள் வரைதான். வடக்கின் பனிக்குத் தப்பி ஓடிவரும் பணக்காரரின் பருவம் அது. பத்து வாரத்தில் ஆண்டுச் செலவு முழுவதையும் எடுக்கலாம், விருந்தினர் அப்படிப்பட்டவர்களாக இருந்தால். நாலறை விடுதியால் அது முடியாது.

முல்லைத்தீவுக் கரையில் ஒக்டோபரிலிருந்து தை வரை மாரி. கடல் கொந்தளிக்கும், அலை கரையை அரிக்கும். குளிக்கக்கூடிய கடல் பங்குனிக்குப் பிறகுதான். மன்னார்த் தீவில் கணக்கு வேறு: சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொதிக்க வடகடல் அடங்கிக் கிடக்கும், வாடைக் காலத்தில் எதிர்மாறு. ஒரே தீவில் இரண்டு கரையிலும் ஒவ்வொரு இடம் பேசி வைத்தால் வருடத்தில் கூடுதலான நாட்கள் கடலுக்குக் கூட்டிப் போகலாம். நவம்பரிலிருந்து பங்குனி வரை வங்காலைப் பக்கம் பூநாரைகளும் மற்ற வலசைப் பறவைகளும் வரும். பறவை பார்க்க வருபவருக்குக் கடல் அமைதியாக இருக்க வேண்டியதில்லை. விடிய ஐந்து மணிக்குத் தேநீர் வேண்டும். ஜூலை, ஓகஸ்டில் புலம்பெயர்ந்த உறவுகள் பள்ளி விடுமுறையில் வருவார்கள். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா. அந்த வாரங்களை முன்பணம் வாங்காமல் யாருக்கும் ஒதுக்காதீர்கள்.

காணி

ஃபுளோரிடா அரசு தெற்கே போடும் ஒவ்வொரு மைல் பாதைக்கும் 8,000 ஏக்கர் தருவதாகச் சட்டமே செய்தது. மயாமியில் ஜூலியா டட்டில் தன் காணியில் ஒரு பங்கைக் கொடுத்து ரயிலை வரவழைத்தார். 1894–95 குளிரில் வடக்கே தோடை மரமெல்லாம் கருகியபோது அவர் தோடம்பூ அனுப்பி பிளாக்லரை மயக்கினார் என்பார்கள். பூ போயிருக்கலாம், ரயிலை இழுத்தது காணி.

இங்கே காணி பேசாது, கடதாசிதான் பேசும். ஒழுங்கு முக்கியம். முதலில் அது சொந்தப் பத்திரம் உள்ள உறுதிக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேமிட் காணியா என்று பிரதேச செயலகத்தில் பாருங்கள். பயிர்ச்செய்கைக்கோ குடியிருப்புக்கோ கொடுத்த பேமிட்டில் வியாபாரம் செய்யத் தனி அனுமதி வேண்டும். பிறகு வனத் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம் இரண்டின் எல்லைக் கல்லும் எங்கே நிற்கிறது என்று கிராம சேவையாளரோடு நேரில் நடந்து பாருங்கள். சுண்டிக்குளம், கொக்கிளாய்ப் பக்கங்களில் இதை விட்டால் அத்திவாரம் வெட்டிய பிறகு வேலை நிற்கும். அதற்குப் பிறகு கண்ணிவெடி அகற்றிக் கையளித்த நிலமா என்பது: பக்கத்து வளவில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது சான்று ஆகாது. உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றருக்குள் என்றால் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி கரையோரம் பேணல், கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். களப்பு, ஆற்றுவாய் உள்ள இடங்களில் அந்த எல்லை இன்னும் உள்ளே போகும். கட்டட வரைபடத்தோடு பிரதேச சபைக்குப் போவது கடைசியில். அதை முதலில் செய்பவர்கள்தான் வரைபடத்துக்கு இரண்டு தரம் காசு கொடுப்பவர்கள்.

தண்ணீர்

கரையோர மணலில் நல்ல தண்ணீர், கடல் உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும்: மோட்டர் போட்டு ஒரு அடி இறக்கினால் கீழே உப்பு நாற்பது அடி எழும்பப் பார்க்கும். ஆழக் குழாய்க்கிணறு அடித்து பெரிய மோட்டர் பூட்டியவர்களின் தண்ணீர் முதல் பருவத்திலேயே சவராவது இதனால்தான். ஒருமுறை சவரானால் அடுத்த மாரி வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. சில வேளை அதுவும் காணாது.

செய்ய வேண்டியது: அகலமான, ஆழம் குறைந்த கட்டுக்கிணறு. அரைக் குதிரைவலு மோட்டர், காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக. எட்டுப் பேருக்கு ஆளுக்கு 150 லீற்றர் என்றால் 1,200. சமையல், கழுவல் சேர்த்து ஆயிரம் லீற்றர் தாங்கி இரண்டு போதும். தண்ணீரின் மின் கடத்துதிறனை (உப்புக் கூடினால் இதுவும் கூடும்) அளக்கும் சின்ன மீற்றர் ஒன்று வாங்கி வாரத்துக்கு ஒருமுறை அளந்து சுவரில் எழுதுங்கள். எண் ஏறத் தொடங்கினால் நாக்குக்குத் தெரிய முதலே இறைப்பைக் குறைக்கலாம். மலக்குழி கிணற்றிலிருந்து ஐம்பது அடி என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மணலில் கழிவுநீர் வேகமாக ஓடும், நூறு அடி விடுங்கள், நிலத்தடி நீர் கடலுக்கு ஓடும் திசையில் கிணற்றுக்குக் கீழ்ப்புறமாக.

கட்டடம்

பொன்ஸ் டி லியோனின் சுவர்கள் கொக்கீனா என்ற அந்தக் கரையின் சிப்பிச் சிதைவைக் கலந்து வார்த்த கொங்கிறீட். இன்றும் நிற்கிறது, 1968 முதல் கல்லூரியாக. இதைப் பார்த்துவிட்டு இங்கே யாரும் கடல் மணலில் குழைக்க வேண்டாம். உப்பு கம்பிக்குள் இறங்கும், கம்பி துருவேறி ஊதும், ஊதினால் தூண் நெடுக வெடிக்கும். ஒரு பங்கு சீமெந்து, ஒன்றரைப் பங்கு ஆற்றுமணல், மூன்று பங்கு முக்கால் இஞ்சிச் சல்லி. கம்பிக்கும் வெளிமுகத்துக்கும் இடையில் இரண்டு இஞ்சி மூடல். ஐம்பது கிலோ பைக்கு 25 லீற்றருக்கு மேல் தண்ணீர் விடக் கூடாது. மணல் ஈரமென்றால் இன்னும் குறையும். குழைக்கவும் ஏழு நாள் நனைக்கவும் நல்ல தண்ணீர் மட்டும். சவர்க் கிணறு பக்கத்தில் இருக்கிறதே என்று மேசன் வாளியைப் போட்டால், நல்ல மணல் வாங்கிய காசு வீண்.

கூரைக்குக் கிடுகு குளிர்ச்சி, பார்வைக்கும் அழகு; ஓராண்டு, இரண்டாண்டில் மாற்ற வேண்டும். கைமரத்தை வளையோடும் வளையைத் தூணோடும் நாகமுலாம் பூசிய பட்டியால் கட்டுங்கள். வெறும் ஆணி புயலில் பிடுங்கிக்கொள்ளும்.

தண்ணீருக்கு வழி விடுங்கள்

கீ வெஸ்ட் வரை கடலுக்கு மேலே போட்ட ரயில் 1912 ஜனவரியில் போய்ச் சேர்ந்தது. இரண்டாண்டு கழித்து நம் பக்கம் பாம்பன் பாலம். 1935 செப்டெம்பர் 2 சூறாவளியில் கீ வெஸ்ட் பாதை போனது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போனது. கீ வெஸ்டில் பாலங்கள் பெரும்பாலும் தப்பின. அரித்துக்கொண்டு போனது, தீவுகளுக்கிடையில் கல்லும் மண்ணும் கொட்டி எழுப்பிய அணைகளை. தண்ணீர் போக வாசல் இல்லாத இடத்தில் அது தானே வாசல் வெட்டியது.

முல்லைத்தீவின் நாயாறு, நந்திக்கடல் களப்பு வாய்கள் மாரியில் உடைத்துக்கொள்வதைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல. வளவைச் சுற்றி மதில் எழுப்பாதீர்கள், மண் கொட்டி மேடாக்காதீர்கள். அறைகளைத் தூணில் மூன்று, நான்கு அடி உயர்த்தி, அடியால் தண்ணீர் ஓட விடுங்கள். கடற்பக்க மணல் மேட்டில் இராவணன் மீசையும் அடம்பனும் படர்ந்திருந்தால் அதுதான் உங்கள் அணை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பதை இங்கே சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளலாம். கடல் தெரிய வேண்டுமென்று அதை வெட்டி வழி செய்பவர், அலைக்கும் அதே வழியைச் செய்கிறார். பாதை வேண்டுமென்றால் மேட்டுக்கு மேலாகப் பலகைப் படி போடுங்கள், நேராக அல்ல, வளைத்து.

கரை யாருடையது

பாம் பீச் விருந்தினருக்கு. வேலையாட்களின் ஊர் ஏரிக்கு மறுகரையில், வெஸ்ட் பாம் பீச் என்று. விடுதிகளைக் கட்டிய கறுப்பினத் தொழிலாளர் குடியிருந்த ஸ்டிக்ஸ் என்ற பகுதி பின்னர் இல்லாமலே போனது. இதை விட்டுவிட வேண்டும், அறத்துக்காக மட்டுமல்ல. கரைவலை இழுக்கும் துண்டான பாடு யாருடையது, வள்ளம் எங்கே ஏற்றுவது, மீனவர் தங்கும் வாடி எது என்று கடற்றொழில் சங்கத்தோடு பேசி எழுதி வையுங்கள். வலை இழுக்கும் நேரம் கதிரை, குடை எதுவும் அந்தத் துண்டில் இருக்கக் கூடாது. மீனை அங்கேயே, அன்றைய கரை விலைக்கு வாங்குங்கள்.

முல்லைத்தீவுக் கரையில் ஒக்டோபர் பிறந்ததும் மூடும் வேலை: கூரைப் பட்டிகளின் ஆணியை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள், மெத்தைகளை மேலே ஏற்றுங்கள், மோட்டரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு போங்கள். தாங்கியைக் காலியாக விடாதீர்கள். வெறுந்தாங்கி காற்றில் பறக்கும். நிறைந்த தாங்கி இருந்த இடத்தில் இருக்கும்.