‘புயல் வலுவிழந்தது’ என்றதும் கேரட் எடுக்கக் கிளம்பாதீர்கள்: விண்ட் ஷியர் பற்றி நாம் செய்யும் தவறுகள்

டிசம்பர் வந்துவிட்டால் கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் இருக்கும் மாமாவிடமிருந்து ஒரு போன் கட்டாயம் வரும். “மாப்ளே, புயல் கடல்லயே வலு கொறஞ்சிருச்சாம்ல? நாளைக்குக் கேரட் எடுக்க ஆள் சொல்லிரவா?” செய்தியில் அந்த ஒரு சொல்லைக் கேட்டதுமே அவருக்கு வானம் வெளுத்துவிடும். ஏன் வலுவிழந்தது என்று கேட்டால், “ஏதோ ஷியராம், காத்து வெட்டிருச்சாம்” என்பார். கொடைக்கானலில் டீக்கடை முதல் வாட்ஸ்அப் குழு வரை இப்போது எல்லோர் வாயிலும் இந்த ஷியர்தான். பாதி நேரம் தப்பாகத்தான் சொல்கிறோம்.

ஷியர் என்றால் பலத்த காற்று என்று நினைப்பதுதான் அடிப்படைத் தவறு. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் எவ்வளவு மாறுகின்றன என்பதே ஷியர். கீழும் மேலும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் அடித்தால், கூரையே பறந்தாலும் ஷியர் பூஜ்யம். புயலுக்குக் கணக்குப் பார்க்கும்போது பொதுவாக ஒன்றரை கிலோமீட்டர் உயரக் காற்றையும் 12 கிலோமீட்டர் உயரக் காற்றையும் ஒப்பிடுவார்கள். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 2343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது அந்தக் கீழ் மட்டத்துக்கும் மேலேதான் நாம் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறோம். ஜூலையில் மூட்டம் கொஞ்சம் விலகும் நேரம் அண்ணாந்து பாருங்கள். கேரளப் பக்கமிருந்து வரும் மேகம் கிழக்கே ஓடும். அதற்கு வெகு உயரத்தில் கோழி இறகு மாதிரி மெல்லிய மேகம் எதிர்த்திசையில் நகரும். ஷியரைக் கண்ணால் பார்க்க வேறு கருவி வேண்டாம்.

கடல் சூடாக இருந்தால் புயல் வந்துவிடும் என்பது அடுத்த தவறான கணக்கு. சூடு வேண்டும்தான், ஆனால் அது மட்டும் போதாது. ஜூலை, ஆகஸ்டில் வங்கக் கடல் நன்றாகவே சூடாக இருக்கும். ஆனாலும் அப்போது பெரிய புயல் வருவது அபூர்வம். கீழே தென்மேற்குப் பருவக்காற்று, மேலே கிழக்கிலிருந்து பாயும் வேகக்காற்று என இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் புயல் நிமிர்ந்து நிற்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், ஏப்ரல், மே மாதங்களிலும் இந்த இழுபறி தணிகிறது. அப்போதுதான் புயல்கள் பிறக்கின்றன.

புயலை இட்லிக் கொப்பரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலிலிருந்து எழும் ஆவி நேர் மேலே போய், மையத்துக்கு மேலேயே வெப்பமாகத் தேங்கினால்தான் கீழே அழுத்தம் குறைந்து காற்று வேகமாகச் சுழலும். ஷியர் வந்து மூடியை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. வெப்பம் விலகிப் போகிறது, பக்கவாட்டில் வறண்ட காற்று நுழைகிறது, கோபுரம் சாய்கிறது. ஷியர் 10 நாட் (knot) அளவுக்குள், அதாவது மணிக்கு சுமார் 18 கிலோமீட்டருக்குள் இருந்தால் புயலுக்குக் கொண்டாட்டம். 20 நாட் அளவைத் தாண்டினால் பெரும்பாலும் திணறும்.

பெரும்பாலும்தான், எப்போதும் அல்ல. அமெரிக்கக்காரர்கள் ஹரிக்கேன் என்பதும் நாம் புயல் என்பதும் ஒரே பிறவிதான். 2018 அக்டோபரில் மைக்கேல் என்ற ஹரிக்கேன் மெக்சிகோ வளைகுடாவில் கணிசமான ஷியரையும் மீறி வளர்ந்து, உச்ச வகையான ஐந்தாம் வகைப் புயலாக புளோரிடாவைத் தாக்கியது. இதற்கு நேர்மாறாக 2017இல் ஒக்கி. லட்சத்தீவைக் கடந்து மிகத் தீவிரப் புயலான அது, குஜராத் பக்கம் போகப் போக ஷியரிலும் குளிர்ந்த கடல்நீரிலும் சிக்கித் தேய்ந்தே போனது. ஷியரைச் சுவிட்ச் மாதிரி நினைத்தால் இரண்டில் ஒன்றில் ஏமாறுவோம்.

சரி, பலம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஷியர் புயலின் பாதையையும் மாற்றும் என்பதை ஏறக்குறைய எல்லோருமே மறந்துவிடுகிறோம். இங்கேதான் நமக்கு அடி விழுகிறது. உயரமாக நிமிர்ந்து நிற்கும் புயலை, கீழிருந்து மேல் வரை உள்ள காற்றுகளின் சராசரி இழுத்துப் போகும். ஷியர் தலையைச் சீவிவிட்டால் மிஞ்சுவது குட்டை உடம்பு. அது கீழ்க்காற்றின் பேச்சை மட்டும்தான் கேட்கும். டிசம்பரில் வங்கக் கடலின் கீழ்க்காற்று வடகிழக்கிலிருந்து தமிழ்நாட்டை நோக்கி அடிப்பது! 2013 டிசம்பரில் மாதி புயல் இதைத்தான் செய்தது. தீவிரப் புயலாக வடக்கே ஏறிப் போய்க்கொண்டிருந்தது, ஷியரில் வலுவிழந்து தென்மேற்கே திரும்பி, வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வேதாரண்யம் அருகே கரையேறியது. ‘வடக்கே போயிருச்சு’ என்று கணக்கை மூடியவர்கள் மறுபடி திறக்க வேண்டியதாயிற்று.

வரைபடத்தில் மையப்புள்ளியை மட்டும் பார்ப்பதும் இதோடு சேர்ந்த பிழைதான். சாய்ந்த புயலில் சுழல் ஓரிடத்தில் இருக்கும், மழை மேகம் வேறிடத்தில் கொட்டும். 2020 டிசம்பரில் புரெவி இலங்கையைக் கடந்து, வலுக்குறைந்து, ராமநாதபுரம் கடற்கரையருகே அப்படியே நின்றுவிட்டது. பெருமழை வாங்கியதோ சிதம்பரம் பக்கம். புள்ளிக்கும் நம் வீட்டுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று செல்போனில் அளந்து நிம்மதி அடைபவர்களுக்கு இது ஒன்றே போதும்.

மலைக்கென்றே ஒரு தவறும் உண்டு. ‘வலுவிழந்தது’ என்பது காற்றின் வேகத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண், மழைக்கு அல்ல. ஈரக்காற்று சமவெளியில் சும்மா கடந்து போகலாம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு சரிவில் மோதினால் மேலேறித்தான் ஆக வேண்டும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் கொட்டும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் நிலச்சரிவில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தபோது நீலகிரியின் தலைக்கு மேல் பெயர் வைத்த புயல் எதுவும் இல்லை. 2019 ஆகஸ்ட் 8இல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தது. அது ஷியர் உச்சத்தில் இருக்கும் பருவம். புயலைத் தடுத்த அதே காற்றுதான் மழையையும் சுமந்து வந்தது.

அதற்காக, புயல்காற்று மலை ஏறாது என்றும் இருந்துவிட வேண்டாம். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, உள்மாவட்டங்களைத் தாண்டி நம் பக்கம் வந்தது. சாலையெங்கும் மரங்கள், அப்புறம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை.

எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) வந்தால் புயல் குறையும் என்று சிலர் பகிர்கிறார்கள். அது அட்லாண்டிக் சங்கதி. அங்கே எல் நினோ ஷியரைக் கூட்டி ஹரிக்கேன்களை அடக்கும். இங்கே எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை கூடுவதே வழக்கம். 2015 சென்னை வெள்ளம் வந்ததும் எல் நினோ ஆண்டில்தான்.

செயலியில் காற்றுப்படம் பார்ப்பவர்கள் தரைமட்டத்தோடு நிற்காமல் 850, 200 ஹெக்டோபாஸ்கல் (முன்பு சொன்ன ஒன்றரை, 12 கிலோமீட்டர் உயரங்களின் காற்றழுத்த அளவு) என்று இரண்டு மட்டங்களையும் மாற்றிப் பாருங்கள். அம்புகள் ஒத்துப்போகின்றனவா, முறுக்கிக்கொள்கின்றனவா என்பது தெரியும். இந்திய வானிலைத் துறையின் விரிவான புயல் அறிக்கையில் ஷியர் எத்தனை நாட் என்றே இருக்கும். கூடவே திண்டுக்கல் மாவட்டத்துக்கு என்ன நிறத்தில் மழை எச்சரிக்கை என்பதையும் பார்த்துவிடுங்கள். கேரட் விஷயத்தில் அதுதான் கடைசி வார்த்தை.

மாமாவின் கேள்வியும் இப்போது மாறிவிட்டது. “மாப்ளே, மேகம் எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?” என்கிறார். பதில் சொல்ல எனக்குத்தான் பத்து நிமிஷம் ஆகிறது.