முனையம் இல்லாத இடத்தில் நிரலுக்கு ஒரு போலி முனையம்

மதுரை விளக்குத்தூண் அருகில் உள்ள ஒரு ஜவுளிக் கடைக்காக, இருப்புக் கணக்குப் பார்க்கும் நிரலை இரவு 2 மணிக்குக் கிரான் (குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் லினக்ஸ் கருவி) வழியாக ஓடும்படி அமைத்திருந்தேன். கையால் ஓட்டும்போது வரிவரியாகச் செய்தி காட்டிய அந்த நிரல் ஓர் இரவு பாதியில் நிறுத்தப்பட்டபோது, எதுவரை ஓடியது என்று அறியப் பதிவுக் கோப்பில் ஒரு வரிகூட இல்லை.

கிரானில் ஓடும் நிரலுக்கு முனையம், அதாவது கட்டளை தட்டும் திரை, கிடையாது என்பதே காரணம். வெளியீடு முனையத்துக்குச் செல்கிறதென்றால் லினக்ஸின் சி நூலகம் ஒவ்வொரு வரியையும் உடனே அனுப்பிவிடும். கோப்புக்கோ பைப்புக்கோ (வெளியீட்டை இன்னொரு நிரலுக்குக் கொண்டுசெல்லும் வழி) செல்கிறதென்றால், பெரும்பாலும் 4096 பைட்டுகள் சேரும்வரை நினைவகத்தில் தேக்கி வைக்கும். சிக்னலால் (நிறுத்தச் சொல்லி இயங்குதளம் அனுப்பும் குறிப்பு) கொல்லப்பட்ட நிரலோடு அந்தத் தேக்கமும் அழிந்துவிடும்.

இதற்கு எளிய வழி, நிரலை ஒரு போலி முனையத்துக்குள் ஓட்டி, உண்மை முனையம் இருப்பதாக அதை நம்பவைக்கும் ‘ஸ்கிரிப்ட்’ கட்டளை. அதற்குக் கியூ, இ, சி ஆகிய விருப்பங்களைக் கொடுத்து, சி-க்குப் பின் நிரலை மேற்கோள் குறிக்குள்ளும், கடைசியில் டெவ் நல் கோப்பையும் (எழுதுவதையெல்லாம் வீசிவிடும் வெற்றுக் கோப்பு) எழுத வேண்டும் (எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில்). இ-யை விட்டுவிட்டால் நிரல் தோற்றாலும் வெற்றிக் குறியீடே திரும்பும். மேக் கணினியில் சி விருப்பம் கிடையாது. கோப்புப் பெயருக்குப் பின்னால் நிரலை எழுதினால் போதும்.

நிரல் இடையில் கேள்வி கேட்குமானால், டான் லைப்ஸ் 1990-இல் உருவாக்கிய எக்ஸ்பெக்ட் என்ற கருவி வேண்டும். அதற்கான கட்டளைகளை ஒரு கோப்பில் எழுத வேண்டும். ‘ஸ்பான்’ நிரலைப் போலி முனையத்தில் தொடங்கும். ‘எக்ஸ்பெக்ட்’ குறிப்பிட்ட சொல் வரும்வரை காத்திருக்கும். ‘சென்ட்’ விடையை அனுப்பும். விடையின் இறுதியில், என்டர் விசை அனுப்புவது போலவே, பின்சாய்கோடும் ஆர் எழுத்தும் இட வேண்டும். காத்திருப்பு எல்லை இயல்பாக 10 வினாடிதான். அது கடந்ததும் பிழை எதுவும் காட்டாமல் அடுத்த வரிக்குப் போய்விடும் என்பதால், கேட்காத கேள்விக்கு விடை போய்ச் சேரும் விபரீதம் நேர்கிறது. எனவே ‘டைம்அவுட்’ மதிப்பை வேலைக்கேற்ப உயர்த்தி, எல்லை கடந்தால் பிழைக் குறியீட்டுடன் வெளியேறும் கிளையையும் எழுதுவது அவசியம். கடைசி வரியில் ‘ஈஓஎஃப்’ (வெளியீடு முடிந்ததைக் காட்டும் குறி) வரும்வரை காத்திருக்கச் சொல்லாவிட்டால், நம் எக்ஸ்பெக்ட் கோப்பு முடிந்ததும் முனையம் மூடப்பட்டு, நிரலும் பாதியில் செத்துவிடலாம். கடவுச்சொல்லை மட்டும் அந்தக் கோப்புக்குள் எழுதுவதை நான் ஒப்புவதில்லை. எஸ்எஸ்ஹெச் (தொலைக் கணினியில் பாதுகாப்பாக நுழையும் வழி) என்றால், கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சாவிக்கோப்பு இருக்கிறது.

போலி முனையம் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கேரியேஜ் ரிட்டர்ன் (வரித் தொடக்கத்துக்குத் திரும்பச் சொல்லும், கண்ணுக்குத் தெரியாத) குறியைச் சேர்ப்பதால், பதிவுக் கோப்பில் தேடும்போது வரியிறுதிச் சொற்கள் பொருந்தாமல் போகும். ‘டிஆர்’ கட்டளையின் டி விருப்பத்தால் அக்குறியை நீக்கிய பிறகே கோப்பில் சேமிக்க வேண்டும்.